கீழிருந்து ஐந்தாவது

எங்கள் வீட்டில் எதையும் கீழேயிருந்துதான் எண்ணுவோம். மூன்றாவது தட்டு என்றால் தரையிலிருந்து மூன்றாவது. மாடிப்படியில் ஐந்தாவது படி என்றால் அது எல்லோருக்கும் ஐந்தாவதுதான், அதில் வம்பில்லை. ஆனால் அலமாரியில்தான் வெளியாட்கள் மாட்டிக்கொள்வார்கள். கல்யாணமான புதிதில் என் தங்கை வந்து காபி போடும்போது, "ரெண்டாவது தட்டுல சக்கர இருக்குது" என்று சொன்னேன். அவள் மேலிருந்து இரண்டாவது தட்டில் கைவிட்டு, பொடித்து வைத்திருந்த உப்பை அள்ளிப் போட்டுவிட்டாள். அதைக் குடித்துவிட்டு என் வீட்டுக்காரர் டம்ளரைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

இதற்குக் காரணம் எங்கள் தொழில். நான் புடவை டிசைனுக்கு அட்டை குத்துகிறவள். மயில், யானை, மாங்காய் எதுவானாலும் முதலில் கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாக வரைவார்கள். தாளில் ஒரு வரிசைக்கு ஓர் அட்டை. எந்தக் கட்டத்தில் புள்ளி இருக்கிறதோ அந்த இடத்தில் அட்டையில் ஓட்டை போட வேண்டும். அட்டைகளை வரிசையாகத் தைத்துத் தறிக்கு மேலே மாட்டினால், அதைப் பார்த்து நூல் ஏறும், இறங்கும். நெய்வது கீழிருந்து மேலே வளர்வதால் தாளின் அடிவரிதான் ஒன்றாம் நம்பர். மயிலுக்குக் கால் முதலில், கொண்டை கடைசியில். இருபத்திரண்டு வருஷமாக அடியில் விரல் வைத்து ஒன்று என்று தொடங்கி மேலே போய்க்கொண்டிருக்கிறேன். வீட்டுக்காரர் தறியில் உட்கார்ந்து அதையே நெய்கிறார். அவருக்கும் ஒன்று என்றால் அடிதான்.

இதையெல்லாம் ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், போன பாராளுமன்றத் தேர்தலில் நான் செய்த காரியத்துக்கு வேறு எந்தச் சமாதானமும் கிடையாது. அதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. சிரிக்கிறார்கள். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.

தேர்தலுக்கு ஒரு மாதம் முன்னால் ஒரு கல்லூரிப் பெண் கையில் காகிதக் கட்டோடு எங்கள் தெருவுக்கு வந்தாள். ஏதோ கணக்கெடுப்பு. "அக்கா, உங்க எம்.பி. பேரு என்ன?" என்று கேட்டாள். நான் ஒரு சின்னத்தைச் சொன்னேன். "அது கட்சிக்கா. எம்.பி. பேரு?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. அவருக்கு ஓட்டுப் போட்டவளே நான்தான். அந்தப் பெண் காகிதத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டாள். உள்ளே தறியில் இருந்து வீட்டுக்காரர் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"இன்னா சிரிப்பு? உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"எனக்கெதுக்குத் தெரியணும்? நம்ம தெருவே அதுக்குத்தான் போடுது. அவங்க பேரு அவங்களுக்குத் தெரிஞ்சா போதும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. வயது நாற்பத்தைந்து. ஓட்டு வந்த நாளிலிருந்து முதலில் அப்பா சொன்ன சின்னம், அப்புறம் இவர் சொன்ன சின்னம். ஓட்டு என்னுடையதுதான், ஆனால் ஒரு தடவைகூட நான் போட்டதில்லை. விரலைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன், அவ்வளவுதான். இந்தத் தடவை நானே பார்த்து, நானே முடிவு செய்து போடுவது என்று அன்றைக்கே தீர்மானித்தேன். நான் தீர்மானித்துவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. அட்டை குத்துகிறபோதும் அதே நினைப்பு, உலை வைக்கிறபோதும் அதே நினைப்பு.

வேட்பாளர் பட்டியல் வந்தது. எங்கள் தொகுதி தனித் தொகுதி. பதினோரு பேர் நின்றார்கள். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் ஒவ்வொருவருடைய பிரமாணப் பத்திரமும் இருக்கிறது என்று பேப்பரில் போட்டிருந்தான். போனில் இறக்கிப் பார்த்தேன். எழுத்தா அது! கோணலாக ஸ்கேன் செய்து, பாதிப் பக்கத்தில் நோட்டரி முத்திரை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. அது சரிவராமல், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடையில் கொடுத்துப் பதினோரு பேருடையதையும் காகிதத்தில் எடுத்து வந்துவிட்டேன். அந்தக் கடைக்காரர், "யாருக்காவது கேஸு போடப் போறீங்களாமா?" என்று கேட்டார்.

அட்டை மேஜையில் டிசைன் தாளை ஓரம் தள்ளிவிட்டு இதைப் பரப்பினேன். யாருக்கு எத்தனை கார், யார் மனைவி கழுத்தில் எவ்வளவு நகை, யார் எதுவரை படித்தார், யார்மேல் என்ன வழக்கு, எல்லாம் இருந்தது. ஒருவர் முந்தைய தேர்தலில் காட்டியதைவிடச் சொத்து ஏகத்துக்கும் ஏறியிருந்தது. இன்னொருவர் தொழில் என்ற இடத்தில் 'சமூக சேவை' என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்தில் இரண்டு கல்குவாரி காட்டியிருந்தார். படிக்கப் படிக்கக் கோபம் வந்தது. இத்தனை வருஷம் இதைத் திறந்துகூடப் பார்க்காமல் போய்ப் பட்டனை அழுத்தினோமே என்று என்மேலேயே கோபம்.

"மயிலு கழுத்து வரைக்கும் வந்து நின்னுக்கினு இருக்குது. அட்டை எங்க?" என்று வீட்டுக்காரர் கத்தினார்.

"நிக்கட்டும். ஓடியா போயிடும்?" என்றேன்.

பிரமாணப் பத்திரத்தில் வேட்பாளரின் போன் நம்பரும் இருக்கும். அது என் கண்ணில் பட்டிருக்கக் கூடாது. பட்டுவிட்டது. பதினோரு பேரையும் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பது என்று முடிவு செய்தேன். "ஏன் நிக்கிறீங்க?" அவ்வளவுதான்.

நான்கு நம்பர் அணைந்து கிடந்தது. ஒரு பெரிய கட்சிக்காரர் நம்பரை வேறு யாரோ எடுத்து, "அண்ணன் பிரச்சாரத்துல இருக்காரு. நீங்க எந்த ஏரியா? வூட்ல எத்தன ஓட்டு?" என்று கேட்டார். நான் கேட்டதைக் காதில் வாங்கவே இல்லை. இன்னொருவர் என்னைக் கடன் கொடுக்கிற கம்பெனி என்று நினைத்து, "வேணாம்மா, வேணாம்மா" என்று வைத்துவிட்டார். எம்.பி. ஆகப் போகிற மனுஷன்!

பட்டியலில் எட்டாவதாக இருந்தவர் சுயேச்சை. தலையணைச் சின்னம். அவர் மட்டும் முதல் மணியிலேயே எடுத்தார்.

"ஏன் நிக்கிறீங்க சார்?"

"உண்மைய சொல்லட்டாமா?"

"சொல்லுங்க."

"என் பேரும் இங்க நிக்கிற ஒரு பெரிய கட்சிக்காரரு பேரும் ஒண்ணு. இனிஷியல்கூட ஒண்ணு. அதனால நிக்கச் சொன்னாங்க, நிக்கிறேன்."

"யார் சொன்னாங்க?"

"அத வுடுமா. அவசரத்துல, கண்ணு தெரியாம, குழம்பிப் போயி கொஞ்சம் பேரு எனக்குக் குத்துவாங்க. அந்த ஓட்டு அவருக்குக் கொறையும். அவ்ளோதான் மேட்டரு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, "எந்த மாங்கா மடையன் அப்படிக் குத்துவான்?" என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "இருக்காங்கமா. நீங்க தெளிவா இருக்கீங்க, உங்க ஓட்டு எனக்கு வராது" என்றார்.

அந்த வார்த்தை எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. வீட்டுக்காரரிடம் போய் இரண்டு தடவை சொன்னேன்.

பட்டியலில் ஐந்தாவது ஒரு பெண். அவரும் சுயேச்சை, வெண்டைக்காய்ச் சின்னம். வாலாஜாபாத் பக்கம் ஒரு கிராமம். தையல்காரர், பத்தாம் வகுப்பு, சொத்து என்று இரண்டு தையல் மிஷின் எழுதியிருந்தார். ஆனால் அவர்மேல் ஒரு வழக்கு இருந்தது, ரயிலை மறித்ததாக. தையல்காரர் ஏன் ரயிலை மறித்தார் என்று எனக்கு மண்டையைக் குடைந்தது. கூப்பிட்டேன். மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. என் கேள்வியைக் கேட்டதும் அது நின்றது.

"எங்க ஊருல ரயிலு பாதைக்கு அடியில ஒரு சுரங்கப்பாதை இருக்குதுமா" என்றார். "மழை பேஞ்சா இடுப்பு வரைக்கும் தண்ணி. அப்புறம் பசங்கல்லாம் மேல ஏறி தண்டவாளத்தத் தாண்டித்தான் ஸ்கூலுக்குப் போவுதுங்க. எத்தன வருஷமா மனு குடுத்துக்கினு இருக்கேன் தெரியுமா? யாரக் கேட்டாலும் அது ரயில்வே, டெல்லி, நம்ம கையில இல்லன்றாங்க. டெல்லிக்கு வழி எம்.பி.ன்னாங்க. அங்கயும் குடுத்தேன். வாங்கினவரு தலையத் தூக்கிக்கூடப் பாக்கல. அதான், வாங்குற பக்கம் போயி நின்னு பாக்கலாம்னு நின்னுட்டேன்."

"ஜெயிப்பீங்களாக்கா?"

"இன்னாமா நீங்க! டெபாசிட்டே போவும்" என்று சிரித்தார். "ஆனா எந்தெந்தப் பூத்துல எத்தன ஓட்டுன்னு அப்புறமா லிஸ்ட்டு போடுவாங்களாமே. ஊருக்கு ஒருத்தரு போட்டிருந்தாகூடப் போதும். அத எடுத்துக்கினு ரயில்வே ஆபீசுக்குப் போவேன். இந்தாங்க சார், நான் ஒருத்தி மட்டும் கேக்கல, இத்தன ஊரு கேக்குதுன்னு காட்டுவேன். சுத்துப்பட்டு கிராமத்துல எனக்கு ஆளு இருக்குது. காஞ்சிபுரம் டவுனுலதான் யாரையும் தெரியாது."

"என்னத் தெரியுமே. எங்க பூத்துல ஒரு ஓட்டு உங்களுக்கு. எழுதி வெச்சிக்கோங்க."

சும்மா ஒரு பேச்சுக்குத்தான் எழுதி வையுங்கள் என்றேன். அவர் நிஜமாகவே, "இருமா, பூத்து நம்பரு சொல்லு" என்று கேட்டார். சொன்னேன். ஒவ்வொரு எண்ணாகத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டது எனக்குக் கேட்டது. "டவுனுல மொத ஓட்டு" என்றார். "அஞ்சாவது பட்டன்மா. மறந்துடாத."

மறப்பதாவது! அன்றிலிருந்து ஐந்து, ஐந்து என்றே இருந்தேன். உட்கார்ந்தால் ஐந்து, எழுந்தால் ஐந்து. வீட்டுக்காரருக்குக் கேலி தாங்கவில்லை.

"வெண்டைக்காய்க்கா? போயும் போயும் வெண்டைக்காய்க்கா?"

"ஆமா. இன்னா இப்ப?"

"போடு, போடு. ஒரு ஓட்டு வாங்கினு அந்தம்மா இன்னா செய்வாங்க? பொரியலா?"

"அந்த ஒரு ஓட்டு என்னோடது" என்றேன். அவர் தறியில் ஊடுநூல் நாடாவை இரண்டு தடவை ஓட்டிவிட்டு, "சரி, உன் இஷ்டம்" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் வாயிலிருந்து வந்த பெரிய வார்த்தை அது.

ஓட்டுப்போடும் நாள் வந்தது. சித்திரை வெயில். காலையிலேயே வீட்டுக்காரர், "சீக்கிரம் கெளம்பு, கூட்டம் சேந்துடும்" என்று விரட்டினார். குளித்து, நல்ல புடவை உடுத்தி, அடையாள அட்டை, பூத் சிலிப் எல்லாம் எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூட வாசலில் வரிசையில் நிற்கும்போதுதான் கண்ணாடி அட்டை மேஜையிலேயே இருக்கிறது என்று ஞாபகம் வந்தது. கிட்டத்துப் பார்வை எனக்குச் சுத்தமாகக் கிடையாது. ஓடிப்போய் எடுத்து வரலாமா என்று நினைத்தேன். எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர்தான். என்னத்துக்குக் கண்ணாடி, ஐந்துதானே, நான் எண்ணாத எண்ணிக்கையா என்று நின்றுவிட்டேன். இருபத்திரண்டு வருஷத் தொழில் கொடுத்த திமிர்.

உள்ளே போனேன். பெயரைப் படித்தார்கள், கையெழுத்துப் போட்டேன், இடது ஆள்காட்டி விரலில் மை வைத்தார்கள். வகுப்பறை மூலையில் அட்டை மறைப்பு. அதற்குள் வெளிச்சம் போதவில்லை. மெஷினில் பெயர்கள் எல்லாம் எறும்பு ஊர்வது போலத் தெரிந்தன. படங்கள் கறுப்புப் பொட்டுகள். பட்டன்கள் மட்டும் வரிசையாக விரலுக்குக் கிடைத்தன. வாழ்க்கையில் முதல் தடவை என் ஓட்டை நான் போடப்போகிறேன். விரலை வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. அழுத்தினேன். சிவப்பு விளக்கு எரிந்தது.

பக்கத்தில் இருந்த பெட்டியின் கண்ணாடிக்குள் சீட்டு வந்து நின்றது. மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தேன். படம் நீளமாக இருக்க வேண்டும். அது சதுரமாக, கொழுகொழுவென்று இருந்தது. வெண்டைக்காய் எந்தக் காலத்தில் இவ்வளவு பருமன் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. தலையணை. ஐயோ, தலையணை! சீட்டு அறுந்து உள்ளே விழுந்தது. பீப் என்று நீளமாகச் சத்தம் வந்தது.

என் விரல் அடியிலிருந்து தொடங்கியிருந்தது. பழக்கம். கடைசியில் இருந்த நோட்டா ஒன்று, அதற்கு மேல் இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது அந்த ஆள். பட்டியலில் எட்டாவது.

மறைப்பை விட்டு வெளியே வந்து அங்கே உட்கார்ந்திருந்த அதிகாரியிடம், "சார், தப்பாயிடுச்சு. இன்னொரு தடவ போடணும்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன தப்பு? நீங்க ஒண்ணு அழுத்தி மெஷின் வேற ஒண்ணு காட்டுச்சா?"

பின்னால் வரிசை எட்டிப் பார்த்தது. ஏஜெண்டுகள் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார்கள்.

"மெஷின் தப்புன்னா சொல்லுங்க" என்றார் அவர் பொறுமையாகவே. "ஒரு பாரம் இருக்கு, எழுதிக் கையெழுத்துப் போடணும். சோதனை பண்ணிப் பார்ப்போம். மெஷின் சரியா இருந்து நீங்க சொன்னது பொய்னு ஆச்சுன்னா உங்க மேல கேஸ் ஆகும். யோசிச்சு சொல்லுங்க."

ஒரு நிமிஷம் வாய் வரைக்கும் வந்துவிட்டது, மெஷின் தப்பு என்று சொல்லிவிட. எப்படியாவது அந்த ஐந்தாவது பட்டனை இன்னொரு தடவை தொட்டுவிடலாம் என்ற ஆசை. ஆனால் மெஷின் என்ன பாவம் செய்தது?

"மெஷின் மேல தப்பில்ல சார். நான்தான் மாத்தி அழுத்திட்டேன்."

"அப்ப ஒண்ணும் பண்ண முடியாதும்மா. போயிட்டு வாங்க."

வெளியே வீட்டுக்காரர் மை வைத்த விரலை ஊதிக்கொண்டு மரத்தடியில் நின்றிருந்தார். ஆண்கள் வரிசை சீக்கிரம் நகர்ந்து அவர் ஏற்கெனவே போட்டுவிட்டிருந்தார். இல்லையென்றால் காலில் விழுந்தாவது அவர் ஓட்டை மாற்றியிருப்பேன். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. "நீங்க போங்க, வரேன்" என்று அனுப்பிவிட்டு, பள்ளிக்கூடத்துக்குத் தள்ளி தரையில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். எங்கள் தெருக்காரி ஒருத்தி வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு, "வெண்டைக்காய்க்கு ஒரு ஓட்டு போடேன். அஞ்சாவது பட்டன். மேலருந்து அஞ்சாவது" என்றேன்.

"இன்னா, வெயில்ல மண்ட குழம்பிப் போச்சா உனக்கு?" என்று கையை உதறிக்கொண்டு போய்விட்டாள். இன்னும் இரண்டு பேரைக் கேட்டேன். அதற்குள் ஒரு போலீஸ்காரர் வந்து, "எந்தக் கட்சிமா நீ? கெளம்பு, கெளம்பு" என்றார்.

வீட்டுக்கு வந்து அட்டை மேஜையில் உட்கார்ந்தேன். கண்ணாடி அங்கேயே இருந்தது. அதை எடுத்துப் போட்டுக்கொண்டு அழுதேன். தறிச் சத்தம் நின்று வீட்டுக்காரர் எழுந்து வந்தார். சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் டிசைன் தாளின் அடிவரியைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார். "எங்கிட்டக் குடுத்திருந்தாலும் நானும் அங்கருந்துதான் எண்ணியிருப்பேன்" என்றார். அது ஆறுதலா, இல்லையா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

எண்ணிக்கைக்கு ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. விரலில் மை நகத்தோடு வளர்ந்து வளர்ந்து பாதிக்கு வந்தது. எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வைகாசியில் கருட சேவைக்குச் சின்ன காஞ்சிபுரத்தில் ஊரே திரண்டது. நானும் போனேன். பெருமாளைப் பார்த்தபோதும் ஒரு சின்ன ஓட்டுதானே, யாராவது வேறு ஒருத்தர் எங்கள் பூத்தில் வெண்டைக்காய்க்குப் போட்டிருக்கட்டும் என்றுதான் வேண்டினேன். அந்தத் தையல்காரரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று பலமுறை போனை எடுத்தேன். என்னவென்று சொல்வது? வாயைக் கொடுத்தது நான். எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்றதும் நான்.

முடிவு வந்தது. யாரோ ஜெயித்தார்கள், தெருவில் வெடி போட்டார்கள். கொஞ்ச நாள் கழித்துப் பூத் வாரியாகப் பட்டியல் இணையத்தில் வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எங்கள் பூத் எண்ணைத் தேடி, விரலை நகர்த்தினேன். வெண்டைக்காய்க் கட்டத்தில் பூஜ்யம். தலையணைக் கட்டத்தில் ஒன்று.

அந்த ஒன்று நான்தான். எங்கள் பூத்தில் அந்தப் பெயர்க் குழப்பத்தில்கூட யாரும் ஏமாறவில்லை. என்னைத் தவிர ஒரு மாங்கா மடையன்கூட இல்லை.

மறுநாள் போன் அடித்தது. அந்தத் தையல்காரர்தான். எடுத்தேன்.

"லிஸ்ட்டு பாத்தேம்மா" என்றார். "உங்க பூத்துல சைபரு போட்டிருக்குது. நம்பரு நான் தப்பா எழுதிக்கினேனோன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

"நம்பரு சரிதாங்க்கா." என்றேன். "நான் கீழருந்து எண்ணிட்டேங்க்கா. அட்டை குத்துற பழக்கம்..."

எனக்கே நான் சொன்னது எவ்வளவு கேவலமான சாக்காக இருக்கிறது என்று கேட்டது.

"பரவால்லமா. எல்லாரும் போடறேன்னுதான் சொல்லுவாங்க. நான் தப்பா எடுத்துக்கல" என்றார். வைத்துவிட்டார்.

திட்டியிருந்தால் தேவலை. அந்தப் 'பரவால்ல' என்னைத் தூங்கவிடவில்லை, சாப்பிடவிடவில்லை. பொய் சொன்னவள் என்று ஒருத்தி நினைத்துக்கொண்டிருக்கிறாள், அதுவும் வாழ்நாளில் நான் நிஜமாக ஓட்டுப்போட நினைத்த ஒரே ஆள். மூன்றாம் நாள் ஒரு டிசைன் தாளையும் நான்கு அட்டையையும் பையில் போட்டுக்கொண்டு வாலாஜாபாத் பஸ் ஏறினேன். இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து அந்தக் கிராமத்துக்குப் போனேன். முந்தின நாள் பெய்த மழையில் சுரங்கப்பாதையில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. ஆட்டோக்காரர், "இதுக்கு மேல போவாதுமா" என்று இறக்கிவிட்டார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு அந்தக் கலங்கல் தண்ணீரில் நடந்தேன். உள்ளே ஒரு செருப்பு போய்விட்டது. மேலே ரயில் போகும்போது தண்ணீர் அதிர்ந்தது.

தையல் கடையில் அவர் பள்ளிக்கூடச் சட்டைக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னேன். என் நனைந்த புடவையையும் வெறுங்காலையும் பார்த்தார். உட்காருங்கள் என்று சொல்லவில்லை. நான் தாளை எடுத்து அவர் மேஜைமேல் விரித்தேன். பாதி மயில் வரைந்த தாள்.

"அக்கா, இதுல ஒண்ணாவது வரி எதுன்னு காட்டுங்க."

அவர் சந்தேகமாகப் பார்த்துவிட்டு மேல் வரியில் விரலை வைத்தார்.

நான் அடிவரியில் வைத்தேன். ஓரத்தில் என் கையெழுத்தில் போட்டிருந்த எண்களைக் காட்டினேன். அடியில் ஒன்று, அதற்கு மேல் இரண்டு, மூன்று. அட்டைகளையும் எடுத்து ஒன்று, இரண்டு என்று எழுதியிருப்பதைக் காட்டினேன். அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து அந்தப் பூத் பட்டியலை எடுத்தார். எங்கள் பூத்து வரியில் பென்சிலால் கோடு போட்டிருந்தார். விரல் வெண்டைக்காய்க் கட்டத்திலிருந்து மெதுவாகத் தலையணைக் கட்டத்துக்கு நகர்ந்தது.

"இந்த ஒண்ணு நீயா?"

"நான்தான்."

"எனக்கு நெனச்சி."

"உங்களுக்கு நெனச்சித்தாங்க்கா."

அவர் முகம் முதல் தடவையாக இளகியது. ஆனால் சிரிக்கவில்லை. "நெனச்சத எண்ண மாட்டாங்கமா" என்றார். குத்திக் காட்டுகிற மாதிரி இல்லை. தெரிந்த விஷயத்தைச் சொல்கிற மாதிரி சொன்னார். எனக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது.

ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். உட்கார்ந்தேன். அவர் பட்டியலை உள்ளே வைத்துவிட்டு வேறு ஒரு காகிதத்தை எடுத்தார். புது எம்.பி.க்கு எழுதின மனு. அதே சுரங்கப்பாதை, அதே தண்ணீர். வாங்குகிற பக்கம் நின்று பார்க்கப் போனவர் மறுபடியும் கொடுக்கிற பக்கத்துக்கே வந்திருந்தார். கீழே கையெழுத்துக்குக் கோடுகள் போட்டிருந்தன. பேருக்குப் பக்கத்தில் ஊர். இரண்டாவது கோட்டிலிருந்து ஒவ்வொரு கிராமமாக நிரம்பியிருந்தது. முதல் கோட்டில் 'காஞ்சிபுரம் டவுன்' என்று எழுதி அடித்துவிட்டிருந்தார்.

அடித்த இடத்துக்கு மேல் மறுபடியும் ஊர் பேரை எழுதினார். பேனாவை என்னிடம் கொடுத்தார். என் விரல் தாளின் அடியைப் பார்த்துப் போனது, எனக்கே தெரிந்தது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்து மேலே கொண்டுவந்து, அந்த முதல் கோட்டில் வைத்தார்.

"இங்க போடு" என்றார். "இத எண்ணுவாங்க."